சத்துமாவில் புழுவா என்று தேடியவர்களுக்கு

மகள் மதியம் தூங்கும் நேரம்தான் எனக்கு அலுவலகம். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டின் சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, ஒரு காதைத் தொட்டில் பக்கம் விட்டுவிட்டு வேலை செய்வேன். அலங்காநல்லூர் பக்கம் ஓர் அக்கா குழந்தைகளுக்கான சத்துமாவு தயாரிக்கிறார். அவருடைய இணையதளத்தைப் பார்த்துக்கொள்வதும், யாராவது சத்துமாவு என்று தேடினால் அவருடைய பெயர் மேலே வரும்படி செய்வதும் என் பொறுப்பு. எஸ்.இ.ஓ. என்று சொல்வார்கள்.

என்ன வேலை என்று மாமியார் ஒருநாள் கேட்டார்.

"கடை சந்துக்குள்ள ஒளிஞ்சிராம மெயின் ரோட்டு மேல இருக்கற மாதிரி பாத்துக்கறது அத்தே" என்றேன்.

"அதுக்கா இம்புட்டு நேரம் கண்ணாடியப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு வீடியோ வந்தது. வேறு ஊரில் ஒரு தாய் எங்கள் மாவை எவர்சில்வர் தட்டில் கொட்டி விரலால் விலக்குகிறார். வெள்ளையாக ஒரு சின்னப் புழு நெளிகிறது. பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம். அவர் திட்டவில்லை. "இதத்தான் தினமும் குடுத்தேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டார். திட்டியிருந்தால்கூட நான் கொஞ்சம் தைரியமாக இருந்திருப்பேன்.

இரண்டொரு நாளில் கடைக்காரர்கள் மாவைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். வறுக்கவும் அரைக்கவும் வந்துகொண்டிருந்த பெண்களை அக்கா வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். இப்படியே போனால் ஆலையை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அவர் போனில் சொன்னபோது குரலில் அழுகை இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்த குரல் அது.

அக்காவின் அண்ணன் வேன் ஓட்டிக் கடைகளுக்கு மாவு போடுகிறவர். அன்றே என்னை அழைத்தார்.

"தங்கச்சி, ஒண்ணும் கவலப்படாத. நம்ம சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரையும் எறக்கி விட்டாச்சு. அந்த வீடியோவுக்குக் கீழ வெளு வெளுன்னு வெளுத்துக்கிட்டு இருக்காய்ங்க."

"அண்ணே, வேணாம்ணே. கமெண்ட் போடப் போட அந்த வீடியோ இன்னும் நெறையப் பேருக்குப் போகும்."

"அப்ப சும்மா வேடிக்க பாக்கச் சொல்றியா? ஒரு எடஞ்சல்னா ஆளோட போயி நிக்கலைன்னா அப்பறம் என்ன சொந்தம்?"

"இதுல போயி நிக்காம இருக்கறதுதான்ணே ஒத்தாசை."

"நல்லாருக்குத்தா ஒன் நாயம். பஞ்சாயத்துக்குப் போகாமயே ஜெயிக்கச் சொல்ற."

அவர்கள் விடவில்லை. கல்யாணத்துக்கும் கேதத்துக்கும் சொல்லாமலே வந்து நிற்கிற மனிதர்கள், இதற்கும் வந்து நின்றார்கள். அதுமட்டுமில்லை. வீடியோ போய்விட்டதா என்று பார்க்க ஆளுக்கு ஆள் எங்கள் பெயரோடு 'புழு' என்று சேர்த்துத் தேடினார்கள். பலரும் ஒன்றையே தேடினால் தேடல் பெட்டி அதைக் கற்றுக்கொள்ளும். கடைசியில் எங்கள் பெயரை அடித்தாலே, அடுத்த சொல்லாகப் புழு தானாக வந்து நின்றது.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தேடுகிறவர்கள் எதைக் கேட்கிறார்களோ அதற்கு நம் பக்கத்தில் பதில் இருக்க வேண்டும். 'புழு இருந்ததா, குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன், என்ன செய்வது' என்று அவர்கள் கேட்கிறார்கள். எங்கள் தளத்தில் அந்தச் சொல்லே கிடையாது. ஆகவே அந்தக் கேள்விக்கு அந்த வீடியோவும் அதன் கீழே நடந்த சண்டையும் மட்டுமே பதிலாக இருந்தன.

அக்காவிடம் சொன்னேன்.

"நம்ம வாயாலயே புழுன்னு சொல்றதா?" என்றார். "மாவு அரைக்கிற எடத்துல அந்தப் பேச்சையே எடுக்க மாட்டோம்த்தா. நீ நல்லதா நாலு எழுது. கஞ்சி, உருண்டை, தோசைன்னு. அது மேல வந்தா இது கீழ போயிரும்ல?"

போகாது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அக்கா இத்தனை வருடம் தொழில் செய்தவர், எனக்கு என்ன தெரியும் என்றும் தோன்றியது. "சரிக்கா" என்றேன். கஞ்சி எழுதினேன், உருண்டை எழுதினேன், தோசை எழுதினேன். கஞ்சியைத் தேடியவர்களுக்குக் கஞ்சி கிடைத்தது. புழுவைத் தேடியவர்களுக்குப் புழுவே கிடைத்தது.

இதற்கிடையில் அக்கா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு தடவை போட்ட பாக்கெட்டுகளில் சீல் வைக்கும் மெஷினில் சூடு குறைந்து, அடி ஓரம் சரியாக ஒட்டவில்லை. விரலை விட்டால் பிரிந்தது. மீதியிருந்தவற்றைத் தனியாக எடுத்து வைத்தார். என்னைத் தவிர வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

என் வீட்டு டப்பாவில் இருந்தது வேறு தடவை போட்ட மாவு. பாக்கெட்டின் அடியிலிருந்த எண்ணைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். செய்தித்தாளை விரித்து, சல்லடையில் மாவைப் போட்டுச் சலித்தேன். ஒன்றும் இல்லை. வெயில் விழுகிற ஜன்னலோரம் நகர்த்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மாவைத் திரும்ப டப்பாவில் கொட்டி மூடினேன். கஞ்சிக்குப் பதில் மகளுக்கு இட்லி வைத்தேன். மறுநாளும் இட்லி. அதற்கடுத்த நாளும்.

அப்படி ஒரு மதியம் அக்கா சொல்லாமல் வந்து நின்றார். திருப்பரங்குன்றத்தில் ஒரு கடைக்காரரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். மகள் அன்று தூங்கவில்லை. இட்லியைப் பிய்த்துத் தலையில் பாதியும் வாயில் பாதியுமாக உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி செல்லம், இந்நேரம் கஞ்சில்ல குடிப்ப?" என்று அவளைத் தூக்கினார். பிறகு என்னைப் பார்த்தார். "கஞ்சி குடுக்கலியா?"

மாவு தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். டப்பா அவருக்கு நேர் எதிரே அலமாரியில், கண்ணாடி வழியாக முக்கால்வாசி நிரம்பித் தெரிந்தது.

"சலிச்சுப் பாத்தேன்க்கா. நல்லாத்தான் இருக்கு. ஆனா மனசு..."

அக்கா கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் மகளின் தலையில் ஒட்டியிருந்த இட்லியை ஒவ்வொன்றாக எடுத்தார். வெகுநேரம் எடுத்தார்.

"எந்தப் பாக்கெட்டு கெட்டதுன்னு ஒனக்குத் தெரியும். தெரிஞ்ச ஒனக்கே மனசு வரல" என்றார். "தெரியாம வாங்குன அந்தப் புள்ளைக எல்லாம் என்ன செய்யும்? கம்ப்யூட்டரத் தொற. புழுன்னே எழுது."

அவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

"சீல் சரியா ஒட்டலைன்னு போடு."

"ஒட்டாம இருந்திருக்கலாம்னு போடவாக்கா?"

"இருந்திருக்கலாம் என்ன இருந்திருக்கலாம்? ஒட்டல. போடு."

எந்த எண் போட்ட பாக்கெட்டுகள் என்று எழுதினோம். பிரித்திருந்தாலும் பாதி காலியாகியிருந்தாலும் கடையில் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதினோம். குழந்தைக்குக் கொடுத்துவிட்டவர்களுக்கு என்ன சொல்வது என்று எனக்குப் பயமாக இருந்தது. மகளைக் காட்டும் டாக்டரிடமே போனில் கேட்டேன். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் தாமதிக்காமல் காட்டச் சொல்லுங்கள் என்றார். அதை அப்படியே எழுதினேன். தலைப்பில், தேடுகிறவர்கள் அடிக்கிற அதே சொற்கள்: 'எங்கள் சத்துமாவில் புழு இருந்ததா?' முதல் வரி, 'ஆமாம்.'

அந்த வீடியோவின் கீழே அக்கா பெயரில் ஒரே ஒரு பதில் போட்டு, மன்னிப்புக் கேட்டு, பக்கத்தின் இணைப்பைக் கொடுத்தோம். பிறகு அக்கா அண்ணனை அழைத்து, நம் ஆட்கள் எழுதியதையெல்லாம் எடுக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் அவர் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"போடச் சொன்னதும் நானு, எடுக்கச் சொல்றதும் நானா? எல்லாரும் என்னய எப்பிடிப் பாப்பாய்ங்க? அந்தத் தங்கச்சி பேச்சக் கேட்டு ஆடுறியா?"

"நாந்தான் சொல்றேன். எடுக்கச் சொல்லுண்ணே. அப்பறம் வேனை எடுத்துக்கிட்டுக் கடை கடையாப் போயி மிச்சத்தத் தூக்கிட்டு வா."

"சரி, போறேன். இதுக்காவது ஆளோட போகலாமா, அதுக்கும் தடையா?"

அக்காவே சிரித்துவிட்டார்.

அந்தப் பக்கம் உடனே மேலே ஏறவில்லை. நான் தினமும் பார்த்தேன். பத்துக்குள் வந்தது, பிறகு ஐந்துக்குள், பிறகு வீடியோவுக்கு அடுத்து நின்றது. வீடியோ இன்றும் அங்கேயே இருக்கிறது. அதைக் கீழே தள்ள நாங்கள் மேற்கொண்டு எதுவும் செய்யவில்லை. அந்தத் தாய் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்ததாக ஒரு வரி எழுதினார், அவ்வளவுதான். தேடல் பெட்டியில் எங்கள் பெயருக்குப் பக்கத்தில் புழு இன்னும் வருகிறதே என்று அக்காவிடம் வருத்தப்பட்டேன்.

"தெனமும் யாரு அதத் தேடுறது?" என்றார் அவர். "நீதானத்தா?"

மெல்ல மெல்லக் கடைகள் மறுபடி மாவு கேட்டன. வறுக்கும் பெண்களில் பாதிப் பேரை அக்கா திரும்ப வரச் சொன்னார். மீதிப் பேருக்கு இன்னும் சொல்லவில்லை.

ஒரு மதியம் அந்தப் பக்கத்தில் கொடுத்திருந்த போன் எண்ணுக்கு ஒரு செய்தி வந்தது. அதுவரை அந்த எண்ணில் வந்தவை எல்லாம் புகார்கள், அல்லது பயந்த கேள்விகள். இது வேறு: 'அக்கா, எங்க பாப்பாவுக்கு எட்டு மாசம். மாவைப் பச்சைத் தண்ணியில கரைச்சிட்டு அடுப்புல வைக்கணுமா, கொதிக்கிற தண்ணியில போடணுமா?'

பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டுக் கொதிக்க விடுங்கள் என்று அடித்தேன். சரிதானா என்று சந்தேகம் வந்தது. அனுப்பாமல் எழுந்துபோய் அலமாரியிலிருந்து டப்பாவை இறக்கினேன். மாவைச் சலித்தேன், கரைத்தேன், அடுப்பில் வைத்துக் கட்டி தட்டாமல் கிண்டினேன். மகள் எழுந்து குடித்து முடித்த பிறகுதான் பதிலை அனுப்பினேன்.