கொட்டை எழுத்தில் ஒரு வசனம்

எங்கள் அப்பாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ரயில் ஓட்டுகிறவர். எஞ்சினில் மணிக்கணக்காக உட்காருகிற மனிதருக்கு வீட்டில் ஐந்து நிமிடம் இருப்புக் கொள்ளாது. நான் நான்காம் வகுப்பு படித்தபோது, கண் பரிசோதனையில் அவருக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்து நாள் கழித்து மறுபடி வரச் சொல்லிவிட்டார்கள். அதிலும் தேறாவிட்டால் எஞ்சின் கிடையாது, ஏதாவது ஓர் ஆபீசில் நாற்காலிதான். அப்பாவுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. கண்ணாடிக் கடைக்காரரோ இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் எங்கள் போத்தனூர் குவார்ட்டர்ஸ் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒழுகாத குழாயைக் கழற்றி ஒழுக வைத்தார். நன்றாக ஓடிய மிக்சியைப் பிரித்துப் போட்டார். காபியைக்கூட நடந்துகொண்டேதான் குடித்தார். "மனசு ஒரு பக்கம் நிக்க மாட்டீங்குது அம்மணி" என்பார் அம்மாவிடம். ஜெபம் பண்ணச் சொன்னால் கண்ணை மூடுவார், கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும்.

காலை ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொரு பைபிள் வசன அட்டை எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அன்றைக்கு ஆண்டவர் நம்மிடம் சொல்ல நினைப்பது அதில் இருக்கும். கடையில் விற்கும் அச்சடித்த அட்டைகளை அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள். எல்லாம் தித்திப்பு வசனமாகப் பொறுக்கிப் போட்டிருக்கிறார்கள் என்பாள். பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் துண்டு போட்டு, ஆறுதலும் கண்டிப்பும் கலந்து, பொடிப்பொடியாகத் தானே எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். அப்பா முதலில் எடுப்பார். பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் அம்மாவிடம் நீட்டுவார். அவள் வாசிப்பாள்.

முதல் நாள் அவருக்கு வந்தது உபத்திரவத்தைப் பற்றிய வசனம். மறுநாள், கண் இருந்தும் காணாத ஜனங்களைப் பற்றியது. அம்மாவே பாதியில் நிறுத்திவிட்டாள். அப்பா எழுந்து போய்க் குழாயைக் கழற்ற ஆரம்பித்தார்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஆண்டவருக்கு வேலை அதிகம், நம் வீட்டு டப்பாவைக் கவனிக்கவில்லை, நாம்தான் கொஞ்சம் கைகொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். அன்று சாயங்காலமே மீதிப் பத்திரிகைகளை வெட்டி, பயப்பட வேண்டாம், கூடவே இருக்கிறேன் என்று தைரியம் சொல்லும் வசனத்தை எல்லா அட்டையிலும் எழுதினேன். அப்பா கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று ஸ்கெட்ச் பேனாவில், கொட்டை எழுத்தில். அம்மாவின் அட்டைகளைக் கிறிஸ்துமஸ் ஸ்டார் வைக்கும் பெட்டிக்குள் ஒளித்தேன்.

காலையில் அப்பா எடுத்தார். வழக்கம்போல அம்மாவிடம் நீட்டப் போனவர், கையைப் பின்னுக்கு இழுத்துத் தானே வாசித்தார். வாசித்து முடித்தும் அட்டையை வைக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "இன்னைக்கு நானே படிச்சுப்போட்டேன் பாத்தியா கண்ணு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்து அம்மா டப்பாவுக்குள் கையை விட்டபோதுதான் எனக்கு உறைத்தது. எல்லோரும் எடுப்போமே! செத்தோம் என்று நினைத்தேன். அம்மா அட்டையை ஒரு நொடி பார்த்தாள். பிறகு மேய்ப்பனையும் ஆடுகளையும் பற்றிய ஒரு வசனத்தை நிதானமாகச் சொல்லி, அட்டையைக் கவிழ்த்து உள்ளே போட்டாள். எனக்குப் புல்லரித்தது. நான் எழுதியதை ஆண்டவர் அம்மாவின் கையில் மாற்றிவிட்டார்! என் கையில் வந்ததை மட்டும் அவர் மாற்றவில்லை. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த ஒன்றை, அட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்து ஒப்பித்துச் சமாளித்தேன். இதே வேலையை அம்மாவும் செய்திருக்கலாம் என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை.

பரிசோதனை நாள் வரை இப்படியே நடந்தது. தினமும் அப்பாவுக்கு அதே வசனம். தினமும் புதிதாக வந்ததுபோல வாசிப்பார். அம்மாவுக்கு மட்டும் விதவிதமாக வந்தது. அப்பாவின் கால் ஆட்டம் நின்றது. உட்கார்ந்து காபி குடித்தார். குழாயை ஒழுகாமல் திரும்ப மாட்டினார். பரிசோதனைக்கு முந்தின நாள் ஒருவழியாகக் கண்ணாடியும் வந்தது. மறுநாள் மத்தியானம் கையில் மைசூர்பாவோடு வந்து நின்றார், எஞ்சின் அவருக்கே. அன்று நான் வீட்டில் ஆடாத ஆட்டமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில், ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை எழுந்து சாட்சி சொல்லும் நேரம் வந்தது. எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத அப்பா ஆண்கள் பக்கத்தில் எழுந்து நின்றார். புதுக் கண்ணாடி பளபளத்தது. "ஓயாம எனக்கு ஒரே வசனந்தானுங்க கெடைச்சுது. கண்ணு தெரியாதவன்னு பாத்து, ஆண்டவரு கொட்டை எழுத்துலயே எழுதி அனுப்புனாருங்க" என்றார். கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். கோயிலே ஸ்தோத்திரம் என்றது.

பாவம் அப்பா, இப்படி ஏமாந்துவிட்டாரே என்று எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. பக்கத்தில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து என் கைக்குட்டையை நீட்டினேன். அவள் அதை வாங்காமல், "அப்பாகிட்டக் கொண்டுபோய்க் குடு கண்ணு" என்றாள். அழுவது இவள், கைக்குட்டை அவருக்கா என்று குழம்பிக்கொண்டே நான் ஆண்கள் பக்கம் நடந்தேன்.