ஏழாவது மோசடி

என் மனைவி இடக்கைக்காரி. எங்கள் முன்னறையில் பல ஆண்டுகளாக ரவிக்கை தைக்கிறாள். துணி வெட்டியதெல்லாம் வலக்கைக்காரர்களுக்கான கத்தரியால்தான். அதனால் கட்டைவிரல் மரத்துப்போனது. கத்தரியை மாற்ற வேண்டும், இல்லையென்றால் வெட்டுவதையே நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மைசூர்க் கடைகளில் இடக்கைக் கத்தரி என்றதும் சிரித்தார்கள். கடைசியில் இணையம் வழியாக ஒரு வெளிநாட்டுக் கடையில் வாங்கினோம். தசராவுக்கான துணிகள் குவியத் தொடங்கியிருந்தன.

என்னிடம் ஒரு நோட்டு உண்டு. கைப்பேசிக்கு வரும் மோசடிச் செய்திகளை நாள், நேரம் போட்டு, பிழைகளையும் விடாமல் எழுதிக்கொண்டு, பிறகு அழித்துவிடுவேன். ஆறு சேர்ந்திருந்தன. ஒரு செவ்வாய் காலை பத்து நாற்பதுக்கு ஏழாவது வந்தது. பார்சல் சுங்கத்தில் நிற்கிறதாம். வரியும் கையாளும் கட்டணமும் கட்ட வேண்டுமாம்.

வரியை அரசாங்கம் கேட்கும், சரி. கையாளுவதற்குத் தனியாகவா? அனுப்பும் செலவைத்தான் முன்பே கொடுத்துவிட்டோமே. அந்தச் சொல்லை இரண்டு முறை அடிக்கோடிட்டேன். கடையின் பெயரும் இல்லை. எழுதினேன், அழித்தேன். புதனும் வெள்ளியும் புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கவில்லை.

"ஏனுங்க, கத்தரி இன்னும் வரலீங்களா?" என்றாள் மனைவி. கொள்ளேகாலில் பிறந்தவள், எதற்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவாள்.

"வரும். சுங்கம்னு சொல்லி ஒருத்தன் ஏமாத்தப் பாத்தான். நான் விடல."

"நம்ம கத்தரியே வெளிநாட்டுலிருந்துதானுங்களே வருது?"

"அத தெரிஞ்சுக்கிட்டுத்தான் எழுதறான்."

"அவனுக்கு யாரு சொன்னாங்க? நீங்களா, நானா?"

திங்களன்று கடையிலிருந்தே மின்னஞ்சல்: மறுநாள் மாலைக்குள் வரி கட்டாவிட்டால் பார்சல் திரும்பிவிடும். அதையும் நம்பாமல், அனுப்பிய மின்னஞ்சல் முகவரியைக் கத்தரி வாங்கிய ரசீதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். பொருந்தியது. கைப்பேசிச் செய்தியை அன்றே அழித்துவிட்டிருந்தேன், பார்சல் எண் இருந்தது நோட்டில் மட்டும்தான். அதை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கூரியர் அலுவலகத்தில் இருந்த கன்னடப் பெண் எனக்காகத் தமிழில் பேசினாள். எண்ணைத் தட்டிப் பார்த்தாள். "நம்மதே சார். நாளைக்கு ரிட்டர்ன் ஹோகுது." பிறகு நோட்டுப் பக்கத்தின் உச்சியைக் காட்டினாள். "மேல பெருசா என்ன எழுதிருக்கீங்க?"

'மோசடி – 7' என்று எழுதியிருந்தேன். நல்ல வேளை, அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

"தலைப்பும்மா. அது இருக்கட்டும், கையாளும் கட்டணம்னா என்ன? யாரு கையாண்டாங்க?"

"உங்க பதிலா நம்ம ஆளுங்க சுங்கத்துல பேப்பர் கொடுத்து எடுக்கறாங்க சார். நீங்களே போறீங்களா, பெங்களூருக்கு?"

கட்டினேன். ரசீதில் முத்திரையும் தேதியும் தெளிவாக விழுந்தனவா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டேன்.

வியாழனன்று கத்தரி வந்தது. முதல் வெட்டுக்கு நோட்டின் அந்தப் பக்கத்தை நீட்டினேன்.

"துணிக் கத்தரியில யாராச்சும் காகிதம் வெட்டுவாங்களா? மொன்னையாயிருமுங்க."

ஒரு பச்சைத் துணியை விரித்து, இடக்கையால் வெட்டினாள். விரலை அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. மூலை வரைக்கும் ஒரே ஓட்டமாகப் போனது. கட்டைவிரலை மடக்கிப் பார்த்துக்கொண்டாள். பிறகுதான் என்னிடமிருந்து நோட்டை வாங்கி, அந்தத் தாளைக் கையாலேயே கிழித்தாள். பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தாள். அதில் ஆறாவது இருந்தது: மின்கட்டணம் பாக்கி, இணைப்பு துண்டிக்கப்படும்.

"ஏனுங்க," என்றாள், "கரண்ட் பில்லு கட்டியாச்சுங்களா?"

ரசீதைத் தேடப் போனேன்.