சாப்பாட்டு மேசையில் சொன்ன நாவல்

மூடி நெளிந்த ஜாம் போத்தல் ஒன்று என்னிடம் இருக்கிறது. வீடு மாறியபோதெல்லாம் எத்தனையோ சாமான்களை விட்டுவிட்டு வந்திருக்கிறேன், இதை விடவில்லை. சீன அக்கா இதில்தான் சுடுதண்ணீர் குடிப்பார். தேயிலை கூடப் போடுவதில்லை. பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில் நாங்கள் வேலை செய்த தொழிற்சாலையில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், இந்த மூடியை நகத்தால் தட்டுவார். கதை தொடங்கப்போகிறது என்று அதற்கு அர்த்தம்.

அவர் நாவலாசிரியர் என்று முதலில் எங்களுக்குத் தெரியாது. ரோல்ஸுக்காக மெல்லிய மாவுத் தாளில் இறைச்சியை வைத்து மடிக்கும் வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றார். அவருடைய நாட்டில் தொழிலாளரின் பெயரால் ஆட்சி நடந்தது. அங்கே தொழிலாளர் வாய் திறக்க முடியவில்லை என்று எழுதியதற்காகச் சிறைக்குப் போனவர். சிறை அவருடைய கொள்கையை மாற்றவில்லை. "கட்சிப் பாட்டை என்னை அடைச்சவையைவிட நான் வடிவாப் பாடுவன்" என்று சிரிப்பார். உடைந்த பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும்தான் சொன்னார். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத் தங்கிவிட்டது.

அவர் எழுதும் முறை வேறு எவரிடமும் நான் காணாதது. சனி ஞாயிறில் எழுதியதைத் திங்கட்கிழமை எங்கள் மேசையில் வாயால் சொல்லுவார். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, கரண்டிகளைப் பார்ப்பார். கரண்டி நின்ற இடம் சரியான இடம். கரண்டி ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பகுதியைத் திரும்ப எழுதுவார். எங்களோடு இருந்த பருத்தித்துறை அண்ணைக்கு இது பெரிய பகிடி. "எழுத்தாளரம்மா, என்ர கரண்டியைப் பாக்காதேங்கோ. எனக்குப் பசிச்சால் அது உங்கட புரட்சிக்கும் நிக்காது" என்பார். நான் மொழிபெயர்த்துச் சொல்ல, அக்கா கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

கதை ஒரு தையல் தொழிற்சாலையைப் பற்றியது. வேலைநிறுத்தத் தலைவன் பயமே இல்லாமல் வாசலை நோக்கி நடப்பதாக ஒரு தடவை சொன்னார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், ஆனால் பயத்தோடு பல எல்லைகள் கடந்தவன். "அக்கா, அது பிழை. பயமில்லாத ஆளை நான் ஒரு இடத்திலையும் காணேல்லை. குனிஞ்சு சப்பாத்து நாடாவைக் கட்டினால் முழங்கால் நடுங்கிறது வெளியில தெரியாது" என்றேன். அடுத்த திங்கள் கதையில் தலைவன் குனிந்து நாடா கட்டினான். அண்ணையின் கரண்டி நின்றது.

அந்தக் கதையில் சிவப்புச் சால்வை கட்டிய ஒரு பெண் இருந்தாள். வெளியிலிருந்து பூட்டிய கதவுக்குப் பின்னால், தீயில் சாகிறவள். அவள் உண்மையில் வாழ்ந்தவள், தன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள் என்று அக்கா எனக்கு மட்டும் சொல்லியிருந்தார்.

பிறகு அக்காவின் நாட்டிலிருந்து ஒரு பதிப்பாளர் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். தீ அத்தியாயத்தை எடுத்துவிட்டால் நாவல் அங்கே வெளிவரும், அக்காவும் திரும்பி வரலாம். அவருடைய தாய் அப்போது படுத்த படுக்கை. அந்தத் திங்கட்கிழமை அக்கா கதையை வேறு மாதிரிச் சொன்னார். தீ இல்லை. தொழிற்சாலை வேறு ஊருக்குப் போனது, எல்லாரும் பிரிந்தார்கள். கரண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

"பொறுங்கோ," என்றார் அண்ணை. "அந்தச் சிவப்புச் சால்வைப் பிள்ளை எங்க? போன கிழமை இருந்தவள்தானே."

நான் அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சால்வை கட்டுவதுபோல் கையால் காட்டி அண்ணை கேட்டது அக்காவுக்கு ஏற்கெனவே விளங்கிவிட்டது. மூடியைப் போத்தலில் வைத்துத் திருகினார். பிசகி ஏறிய மூடியை மேலும் மேலும் இறுக்கினார். அது நெளிந்தது அப்போதுதான். "அம்மாவைப் பாக்கிறதெண்டால் அவளை விட்டிட்டு வரச் சொல்லுகினம்" என்றார்.

அண்ணையின் முகம் மாறிவிட்டது. "நான் சும்மா கேட்டனான், அதை விடுங்கோ. போய் அம்மாவைப் பாருங்கோ. புத்தகத்தைப் பேந்து பாக்கலாம்."

"நீங்கள் கேட்டுப்போட்டியள்," என்றார் அக்கா. "அங்கையும் ஆரோ கேப்பினம்."

அவர் போகவில்லை. பனி கரையத் தொடங்கிய நாட்களில் தாய் இறந்தார். அடுத்த நாள் அக்கா வேலைக்கு வந்தார், தன் இடத்தில் நின்று மடித்தார். மத்தியானம் மூடியைத் தட்டிவிட்டுத் தீ அத்தியாயத்தை முழுவதுமாகச் சொன்னார். அன்று எங்கள் மேசையில் ஒருவரும் சாப்பிடவில்லை.

என் அம்மாவின் செத்தவீட்டுக்கு நானும் போகவில்லை. என்னிடம் கடவுச்சீட்டு இல்லை, அவ்வளவுதான். போகக் கதவு திறந்திருந்தும் போகாமல் நின்ற ஒருவரை அதற்கு முன் நான் கண்டதில்லை. அது சரியா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. ஆனால் அவரை நினைக்கும்போது என் முதுகு தானாக நிமிர்கிறது.

தொழிற்சாலை மூடப்பட்டதும் அக்கா வேறு நகரத்துக்குப் போனார். போத்தலை என் கையில் தந்துவிட்டுப் போனார். நாவல் பிரெஞ்சில் வந்திருக்கிறது. அவருடைய நாட்டில் இன்னும் இல்லை. மெட்ரோவில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிலையங்கள் என்ற வேகத்தில் படிக்கிறேன். தலைவன் நாடா கட்டும் பக்கத்தைத் தாண்டிவிட்டேன்.

இப்போது எனக்கு டவுன்டவுனில் ஒரு உணவகச் சமையலறையில் வேலை. நேற்று சாப்பாட்டு நேரத்தில், பாத்திரம் கழுவும் மட்டக்களப்பு மனிதர் கேட்டார்: "என்ன அண்ணன், இந்த நெளிஞ்ச போத்தலை எறிய மாட்டீங்களா?"

மூடியை நகத்தால் தட்டினேன். "ஒரு தையல் தொழிற்சாலையில, சிவப்புச் சால்வை கட்டின பிள்ளை ஒருத்தி இருந்தவள்" என்று தொடங்கினேன். அவர் சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். பூட்டிய கதவுக்கு நான் வந்தபோது, அவருடைய கை சோற்றுக் கோப்பையில் நின்றது.