சங்கு ஊதிய பிறகும் சுருங்கிய நிழல்

எங்கள் அக்கா மறைந்து இந்த மாசியோடு ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் அவரிடம் நான்காம் வகுப்பு படித்தவர்கள்தான். ஆனாலும் தம்பி என்ற உரிமையிலும், ஒரு சமயம் அவருக்காக மன்னிப்புக் கடிதம் எழுதியவன் என்ற முறையிலும் நான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது நசரத்பேட்டையில். அவர் ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு அப்பாவைப் பறிகொடுத்தோம். ஆவடியை அடுத்த சேக்காட்டில் ஓர் ஆரம்பப் பள்ளியில் தற்காலிக வேலை கிடைத்ததும் அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு ஆவடிக்குக் குடிவந்தார். அவர் சம்பளத்தில்தான் வீடு நடந்தது, நான் படித்தேன்.

அறிவியல் பாடம் என்றால் அக்காவுக்கு வகுப்பறைக்குள் இருப்புக் கொள்ளாது. இலைகளைப் பற்றிய பாடம் வேப்பமரத்தடியில், மண்புழுவைப் பற்றியது குழாயடியில். வீட்டிலும் அதே கதைதான். எறும்பு வரிசை எங்கே போகிறது என்று பார்க்கப் போய் அவர் தீய்த்த குழம்பை நான் நிறையச் சாப்பிட்டிருக்கிறேன். குறை சொன்னால், "எறும்பு சாப்பிடுதே, உனக்கென்ன?" என்பார்.

எண்பதுகளில் ஒரு தை மாதம். பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் நிழல் மிகக் குட்டையாக இருக்கும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, மைதானத்தில் கம்பு நட்டுப் பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்தார். ஆவடி ஃபேக்டரியின் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் நிழலின் நுனியில் கல் வைத்தார்கள். அதன் பிறகும் நிழல் சுருங்கிக்கொண்டே போனது. இருபது நிமிடம் கழித்துத்தான் சுருங்குவது நின்றது. "நான் சொன்னது தப்பு. நிழல் காட்டினதை நோட்டுல எழுதுங்க" என்று அக்கா பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார்.

மறுநாளே ஒரு மாணவனின் தந்தை, ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த பெருமாள் அண்ணன், தலைமையாசிரியரிடம் வந்து நின்றார்.

"இன்னா சார் இது? புள்ளைங்கள வெயில்ல நிக்க வச்சிகினு கீறாங்க. ஃபேக்டரி சங்கே தப்புன்றான் எம்பையன். டீச்சரும் தப்பா சொல்லிட்டேன்னு சொன்னாங்களாம். அப்புறம் இன்னாத்த சொல்லித் தரப் போறாங்க?"

இனி பிள்ளைகளை வெளியே அழைத்துப் போக மாட்டேன் என்று மன்னிப்புக் கேட்டு எழுதித் தராவிட்டால் அடுத்த ஜூனில் வேலைக்கு வர வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். வீட்டில் அம்மா அழுதார். என் கல்லூரிப் படிப்பு நின்றுவிடுமோ என்ற பயத்தில் அந்தக் கடிதத்தை நானே எழுதினேன். அக்கா பொறுமையாகப் படித்தார். "அழகா எழுதியிருக்கேடா. ஆனா புள்ளைங்க நாளைக்கும் அளக்கணுமே" என்று மடித்து வைத்துவிட்டார். அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் பெருமாள் அண்ணனையே மைதானத்துக்கு வரச் சொன்னார். தலைமையாசிரியரும் வந்தார். சங்கு ஊதியது. அண்ணன் கைக்கடிகாரத்தையும் நிழலையும் மாறி மாறிப் பார்த்தார். பத்து நிமிடம் ஆனதும் குந்தி உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த இரும்பு ஸ்கேலை எடுத்து அவரே அளக்கத் தொடங்கிவிட்டார்.

"சங்கு மேல தப்பில்லண்ணே. அது நாடு பூரா ஒரே கடிகாரம். நம்ம ஊர்ல சூரியன் உச்சிக்கு வர்ற நேரம் வேற. புள்ளைங்க அளந்த பிறகுதான் எனக்கே புரிஞ்சுது" என்றார் அக்கா.

"அது சரி டீச்சர், கம்பு கோணலா கீதே" என்றார் அவர்.

அடுத்த வாரமே பீடம் வைத்த நேரான கம்பி ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். தலைமையாசிரியர் பிறகு கடிதத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஜூனில் அக்காவின் வேலை நிரந்தரமானது. அந்தக் கம்பியைச் சுற்றித்தான் அவருடைய மீதி ஆண்டுகள் ஓடின. சென்ற ஆண்டு அவர் பெட்டியைத் திறந்தபோது என் கடிதம் கிடைத்தது. கையெழுத்து இல்லை. பின்பக்கம் முழுக்கப் பிள்ளைகள் அளந்த நிழல் கணக்கு.

நோயில் படுத்தபோது அவரைத் தாயைப் போல் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கும், மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்த அக்கம்பக்கத்தாருக்கும், ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து திரண்டு வந்த பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இறுதி நாளன்று, பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். சங்கு ஊதியது. தோள் கொடுக்கக் குனிந்தவர்களைத் தலை நரைத்த பெருமாள் அண்ணன் கை நீட்டித் தடுத்தார். "இருங்கப்பா. டீச்சருக்கு இன்னும் இருபது நிமிசம் கீது" என்றார். மாணவர்கள் பந்தல் காலின் நிழலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அக்காவை எங்களோடு இருபது நிமிடம் கூடுதலாக இருக்க வைத்த பெருமாள் அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.