மடிக்கென்று வளர்த்தது

அந்த வீட்டில் அவளுக்கு அத்தை என்றுதான் பெயர். அண்ணன் மகள் கூப்பிட ஆரம்பித்தாள். பிறகு அண்ணி, பால்காரர், நாய் வைத்தியர் வரை எல்லோருக்கும் அத்தையாகிவிட்டாள்.

பஞ்சு வந்தது மகளின் ஆசைக்காக. வெள்ளை முடிப் பொதிக்குள் இரண்டு கறுப்புக் கண்கள். "நல்ல ஜாதி நாய்" என்று அண்ணன் வருவோர் போவோரிடமெல்லாம் பீற்றிக்கொண்டான். மகளுக்கு ஆசை தீர்ந்தது. முடிக்கு வளர்ச்சி தீரவில்லை. அடித்தோல் தெரிய வகிடெடுத்துத் தினமும் சீவ வேண்டும். மேலோடு சீவினால் காதுக்குப் பின்னால் சிக்கு விழுந்து கெட்டித்துவிடும். கண்ணோரம் வழியும் நீரை ஈரத்துணியால் ஒற்ற வேண்டும். சோபாவிலிருந்து குதித்தால் முட்டி பிசகும். தூக்கித்தான் இறக்க வேண்டும். எல்லாம் அத்தை தலையில் விடிந்தது.

எல்லாவற்றையும் விடக் கஷ்டம், அவள் கண்ணில் படாவிட்டால் அது ஊளையிட்டு ஊரைக் கூட்டியது.

"காவலுக்கும் ஆகாது, வேட்டைக்கும் ஆகாது" என்றார் வைத்தியர். "மடியில வச்சுக்கவே மனுஷன் உண்டாக்கின ஜாதிங்க இது. மடியை விட்டு நகராததா பார்த்துப் பார்த்துப் பெருக்கினான். இப்பத் தனியா இருக்க மாட்டேங்குதுன்னா அதையா திட்றது?"

அண்ணன் அதில் 'தனியா இருக்காது' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டான். ஏனென்றால், அத்தையோடு படித்தவள் தன் மருந்துக்கடையில் பில் போட அவளைக் கூப்பிட்டிருந்தாள். முன்பு ஒரு வேலை இருந்தது. அம்மாவைத் தனியாக விட முடியாது என்று அதை விடவைத்தான். அம்மா போன பிறகு, குழந்தையைத் தனியாக விட முடியாது. இப்போது நாய்.

"டாக்டரே சொல்லிட்டாரு. நீ போனா இது ஏங்கியே செத்துடும்."

"அத்தைக்கும் வெளியே போறதெல்லாம் ஒத்துவராதுங்க" என்றாள் அண்ணி. "அவங்க குணம் அப்படி."

குணமாம்! கதவைச் சாத்தி வளர்ப்பார்கள். வாசல் தாண்டக் கால் கூசினால் அதற்குக் குணம் என்று பெயர் வைப்பார்கள்.

அத்தை வாதாடவில்லை. நாயைப் பழக்கினாள். தான் உடுத்திய பழைய துணியை அதன் மெத்தையில் போட்டுவிட்டு, கதவுக்கு வெளியே போய் நிற்பாள். அது முனகுவதற்குள் திரும்பிவிடுவாள். அப்புறம் மாடிப்படி வரை. அப்புறம் கடை வரை. போகும்போது கொஞ்சக் கூடாது. வந்ததும் அது மேலே விழுந்து குதித்தாலும் தூக்கக் கூடாது. அதுதான் அவளுக்கு வலித்தது. ஒருநாள் சந்தைக்குப் போய் வந்தபோது பஞ்சு நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: "இனிமே இது தனியா இருந்துக்கும். நாளையிலிருந்து நான் மருந்துக்கடை வேலைக்குப் போறேன்."

அண்ணி சிரித்தாள். "நாயைப் பழக்கிட்டீங்க, சரி. எங்களை யாரு பழக்கிறது?"

அண்ணனும் சேர்ந்து சிரித்தான். அத்தை சிரிக்கவில்லை. "நாய்க்குச் சீக்கிரம் புரிஞ்சுது அண்ணி."

மறுநாள் காலை பஞ்சு தலையைத் தூக்கிப் பார்த்தது, மறுபடி படுத்துக்கொண்டது. அத்தை தெருமுனை வரை போய்விட்டாள். முதுகில் அண்ணன் குரல் விழுந்தது, பால்கனியிலிருந்து.

"டீத்தூள் எங்க வச்சே? எனக்கு நேரமாகுது!"

'தேடிப் பாரு' என்று சொல்ல வாய் திறந்தது. அதற்குள் கால் திரும்பிவிட்டது.

டீத்தூளை எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பின்னாலேயே மகளின் சட்டைக்கு இஸ்திரி, அண்ணியின் சாப்பாட்டு டப்பா. மருந்துக்கடையிலிருந்து போன் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. "வருவியா மாட்டியான்னு தெரியல. வேற பொண்ணை உட்கார வச்சுட்டேன்டி, கோவிச்சுக்காதே."

அத்தை கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். மடி காலியாக இருந்தது. பஞ்சு மெத்தையிலிருந்து ஒருமுறை பார்த்தது. எழுந்து வரவில்லை. அப்படித்தான் பழக்கியிருந்தாள்.