இடது தோள் தாழ்ந்த காக்கிக் கோட்டு

கட்டர் கோவிந்தன் போய்விட்டான் என்று எனக்குச் சொன்னவர் ஒரு பஸ் கண்டக்டர். கலசப்பாக்கத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குத் தைத்த சட்டைகளைக் கொடுத்துவிட்டு, செங்கம் திரும்புவதற்காக ரோட்டோரம் நின்றிருந்தேன். பஸ் நிற்பதற்கு முன்பே அவர் படியில் தொங்கிக்கொண்டு, "டெய்லரே, உங்க கூட்டாளி காலைல போய்ட்டாருங்க. சீக்கிரம் ஏறுங்க" என்றார். ஏறி உட்கார்ந்தேன். முதலில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு காலர் விஷயமாக அவனோடு சண்டை போட்டிருந்தேன். அதற்குப் பதில் சொல்லாமலே போய்விட்டானே என்று இருந்தது.

செத்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்று தெரியும். ஆனால் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஒரே கடையில், ஒரே பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து தைத்தவனை நான் 'அவர்' என்று எழுதினால், எழுந்து வந்து கத்தரிக்கோலால் தலையில் தட்டுவான். அவன் துணி வெட்டுவான், நான் தைப்பேன். இதைப் படிக்கிற செங்கத்துக்காரர்களில் பாதிப் பேர் அவன் வெட்டிய சட்டையில்தான் கல்யாணப் போட்டோ எடுத்துக்கொண்டவர்கள். ஆனால் அவன் பழைய துணிகளுக்கு நகல் செய்த கதை உங்களில் பலருக்குத் தெரியாது. எங்கள் கடைக்குள் சரக்கு பண்டல் பண்டலாக வந்துபோனதைப் பார்த்துவிட்டு, நாங்கள் ஏதோ கடத்தல் செய்வதாகக் கூடச் சிலர் பேசினார்கள்.

அது ஒரு பூச்சட்டையில் ஆரம்பித்தது. கப்பலில் வேலை பார்த்த ஒருத்தர், கலசப்பாக்கத்துப் பக்கம்தான் ஊர், ஒரு கிழிந்த சட்டையைக் கொண்டுவந்தார். ஹவாய் தீவில் அந்தக் காலத்தில் தைத்ததாம். உடம்பு பூராவும் சிவப்புப் பூவும் பச்சை இலையும். தேங்காய் ஓட்டில் செய்த பட்டன்கள். "இதே மாதிரி ஒண்ணு வேணுங்க" என்றார். அந்த மாதிரித் துணிக்கு நாங்கள் எங்கே போவது? கோவிந்தன் சந்தைக்குப் போய், பெரிய பெரிய பூப்போட்ட ஒரு மெல்லிய வாயில் சேலையை வாங்கி வந்துவிட்டான். "பொம்பள சேலையில ஆம்பளைக்குச் சட்டையாடா?" என்று நான் கத்தினேன். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தேங்காய் ஓட்டை வட்டமாக அறுத்து, அம்மிக்கல்லில் தேய்த்துத் தேய்த்து பட்டன் செய்தான். சட்டைப் பையை வைத்தபோது, பையில் இருந்த பாதிப் பூவும் சட்டையில் இருந்த பாதிப் பூவும் ஒட்டி ஒரே பூவாகிவிட்டன. கப்பல்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு பையைத் தேடித் தடவினார். "தேடுறீங்க பாருங்க, அதாங்க எனக்குக் கூலி" என்று கோவிந்தன் சிரித்தான்.

அந்தச் சட்டையை மெட்ராஸ் துறைமுகத்தில் ஒரு ஏஜென்ட் பார்த்திருக்கிறார். பழைய காலத்து உடுப்புகளை அச்சு மாறாமல் புதிதாகத் தைக்க வைத்து, வெளிநாட்டுக் கடைகளுக்கு அனுப்புகிறவர். விசாரித்துக்கொண்டு எங்கள் கடைக்கே வந்துவிட்டார். துணியை அவரே அச்சடித்துக் கொண்டுவருவார். இரண்டு வருஷம் பூச்சட்டைகளாக வெட்டித் தள்ளினோம். பிறகு ஒருநாள், "இப்போ வேலைக்காரங்க போட்ட பழைய உடுப்புக்குத்தான் அங்கே கிராக்கி. ரயில்வே கூலி, ரோட்டுக் கூலி போட்டது ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். கூலிக்காரன் உடுப்பை விலை கொடுத்து வாங்கவும் உலகத்தில் ஆள் இருக்கிறதே என்று இருந்தது. கோவிந்தன் சிரிக்கவில்லை. "ஒண்ணு கீதுங்க, மலை மேல" என்றான்.

பொங்கலுக்கு முன்னால் தையல் மிஷினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலை ஊர்களுக்குப் போய்த் தைத்துக் கொடுப்பது அவன் வழக்கம். அங்கே நெல்லிவாசல் நாடு என்கிற பகுதியில் பச்சையம்மா என்று ஒரு அம்மா. அந்த அம்மாவின் வீட்டு நடுக்கம்பத்தில் ஒரு காக்கிக் கோட்டு தொங்குவதைப் பார்த்திருக்கிறான். வெள்ளைக்காரன் காலத்தில் மலையில் ரோடு போட்ட கூலிகளுக்குக் கொடுத்தது. அவர் வீட்டுக்காரர் இளவயதில் அதை வாங்கி, கடைசிவரை அதைப் போட்டுக்கொண்டுதான் காட்டுக்குப் போனார். மரம் விழுந்து இறந்தார். அன்று மட்டும் வெயில் என்று கோட்டைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதனால் அது தப்பியது. மாட்டுப் பொங்கல் அன்று அந்தக் கோட்டையும் அவர் கோடாலியையும் வைத்துத்தான் அந்த வீட்டில் படையல் போடுவார்கள். அந்த அம்மாவிடம் அவர் போட்டோ கிடையாது. கோட்டுதான் அவர்.

கேட்டவுடன் கொடுத்துவிடவில்லை. மூன்று முறை நடந்தான். கடைசியில் கொடுத்தபோது, "பிரிக்காத, தொவைக்காத. படையலுக்கு வந்துடணும்" என்று மட்டும் சொன்னாராம்.

பிரிக்காமல் ஒரு கோட்டை நகல் எடுப்பது லேசான காரியமில்லை. உள்ளே கையை விட்டுத் தடவித் தடவி, பழுப்புக் காகிதத்தில் வரைந்துகொண்டான். முதலில் ஒரு வெள்ளோட்டக் கோட்டு, அடுத்து ஏஜென்ட்டுக்கு ஒன்று. இரண்டையும் பழசாக்கினானே, அதுதான் கூத்து. பக்கத்து டீக்கடை மாரியிடம் தினமும் டீத்தூள் சக்கை வாங்கிக் கொதிக்க வைத்து முக்குவான். புளிக்கரைசலில் ஊறப்போடுவான். செங்கல்லால் முழங்கையைத் தேய்ப்பான். கூரை மேல் வெயிலில் போடுவான். கோட்டில் இருந்த ஒட்டு, கிழிசல், இழுத்துத் தைத்த தையல் எல்லாமே நகலிலும் வந்தன. ஏஜென்ட் வந்து தன்னுடையதை வாங்கிக்கொண்டு, "இன்னும் முப்பது வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைச் சுவரில் அந்த அம்மாவின் கோட்டும் வெள்ளோட்டமும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்கின. எனக்கு எது எது என்று தெரியாது. "எனக்குத் தெரியும்டா, கண்ண மூடிக்கினு சொல்லுவேன்" என்பான்.

போகி வந்தது. விடியற்காலையில் தெருவெல்லாம் புகை. எங்கள் கடை வெட்டுத்துணி, கந்தல், கெட்டுப்போன காலர் எல்லாவற்றையும் வாரிக்கொண்டுபோய் நெருப்பில் போட்டான். வெள்ளோட்டக் கோட்டால் இனி உபயோகமில்லை, காகிதம் இருக்கிறதே என்று அதையும் ஆணியிலிருந்து எடுத்துப் போட்டான். நானும் பக்கத்தில் நின்று குளிர் காய்ந்துகொண்டிருந்தேன். பிறகு வெளிச்சம் வந்ததும், மலைக்குக் கொண்டுபோக மற்றதை மடித்தவன், அப்படியே மூக்கில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். என்னிடம் நீட்டினான். முகர்ந்தேன். டீத்தூள் வாசனை.

அந்த அம்மாவின் கோட்டில் அடுப்புப் புகை வாசனைதான் இருக்கும். நாங்கள் தெருவுக்கு ஓடினோம். சாம்பலில் இரண்டு பித்தளைப் பட்டன்கள் கிடந்தன. கோவிந்தன் நடுத்தெருவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். அவ்வளவு நன்றாகச் செய்த நகல் அவனையே ஏமாற்றிவிட்டது.

டீக்கடை மாரி நல்லவர். நல்ல மனசோடுதான் சொன்னார்: "இன்னாத்துக்கு அழுவுற? அச்சா அதே மாதிரி தானே கீது. நாலு நாள் அவங்க வூட்டு அடுப்பாண்ட தொங்குனா வாசனையும் வந்துடும். அந்தம்மாவுக்குத் தெரியவா போவுது? குட்த்துட்டு வந்துடு."

"தெரியாதுண்ணா. அதான் எனக்குப் பயமா கீது" என்றான் கோவிந்தன். "கண்டுபுடிக்கிறவங்ககிட்டனா பொய் சொல்லிப் பாக்கலாம். இவங்க அத நம்பி வருசா வருசம் சோறு படைப்பாங்களே. நான் தைச்சதுக்கா படைக்கணும்?"

மாட்டுப் பொங்கல் அன்று இரண்டு பேரும் கிளம்பினோம். ஜீப்பில் கரும்புக்கட்டுகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு போய், மீதித் தூரத்தை நடந்தோம். அந்த அம்மா தன்னை வீட்டை விட்டுத் துரத்தினாலும் பரவாயில்லை, மயங்கி விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவன் பயம்.

பச்சையம்மா வாசலில் மாட்டுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா? படையலுக்குக் காத்துக்கினு இருந்தேன்" என்றார். கோவிந்தன் பொட்டலத்தைக் கொடுக்காமல் காலடியில் வைத்தான்.

"அம்மா, இது அவரோடது இல்ல. நான் தைச்சது. அவரோடத போவி நெருப்புல போட்டுட்டேன். இதுன்னு நெனச்சி அதப் போட்டுட்டேன்."

அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த குங்குமக் கிண்ணத்தை அவன் மேல் எறிந்தார். "பாவி! ரெண்டாந்தரமும் அவர சாவடிச்சிட்டியேடா!" என்று கத்தினார். அக்கம்பக்கம் கூடிவிட்டது. அவன் சட்டையெல்லாம் குங்குமத்தோடு நின்றான். துடைக்கவும் இல்லை, தெரியாமல் நடந்ததென்று சொல்லவும் இல்லை. அவர் ஓயும்வரை அப்படியே நின்றான்.

படையலில் இலை விரித்துக் கோடாலியை மட்டும் வைத்தார். கோட்டு வைக்கிற இடம் காலியாக இருந்தது. கற்பூரம் காட்டிவிட்டு வெளியே வந்தவர், அவன் இன்னும் நிற்பதைப் பார்த்தார். பொட்டலத்தைப் பிரித்து, கோட்டை எடுத்து, அதன் தோளைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார்.

"இதோட எடது தோள் ஏன்டா இப்டி தொங்குது?"

"அப்டித்தாம்மா இருந்துச்சி. துணி அந்தப் பக்கமா எறங்கிப் போயிருந்தது. அவரு எடது தோள்லதான் சுமை வெச்சிருப்பாரு. கழுத்து கொஞ்சம் வலப்பக்கம் சாஞ்சிருக்கும். கை நீளம். குனிஞ்சி நடப்பாரு, பின்பக்கம் துணி தூக்கியிருந்தது."

பச்சையம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆமா. எடது பக்கந்தான் வெறவு தூக்குவாரு. கழுத்த சாச்சிக்கினேதான் வூட்டுக்குள்ள வருவாரு" என்றார். "கொஞ்ச வருசமா அவரு வர்றது நெனப்புலயே வரல. கோட்டு மட்டுந்தான் வந்துச்சி." பிறகு சத்தமில்லாமல் அழுதார். அந்த அழுகையில் கோபம் இல்லை. எங்களுக்குச் சோறு போட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கிளம்பும்போது, "அடுத்த படையலுக்கு வா. வந்து இன்னொருவாட்டி சொல்லு" என்றார்.

அதன் பிறகு ஒரு மாட்டுப் பொங்கலுக்கும் மலைக்குப் போக அவன் தவறவில்லை. அந்த நகலை அந்த அம்மா படையலில் வைக்கவே இல்லை. பனிக்காலத்தில் தானே போட்டுக்கொண்டு சாமை வயலுக்குப் போனார். ஏஜென்ட்டின் முப்பது கோட்டுகளையும் நாங்கள் தைத்துக் கொடுத்தோம். ஆனால் வெட்டும்போது கோவிந்தன் காகிதத்தில் இடது தோளை நிமிர்த்திவிட்டான். ஏன் என்று கேட்டேன். "அது அந்த மனுசனோட தோளுடா. விக்கிறதுக்கு நமக்கு இன்னா பாத்தியதை?" என்றான். ஏஜென்ட் கவனிக்கவே இல்லை. கவனித்திருந்தாலும் அவன் மாற்றியிருக்க மாட்டான், எனக்கு அவனைத் தெரியும்.

கோவிந்தனின் காரியம் முடிந்ததும் போன வாரம் நான் மட்டும் மலைக்குப் போனேன். பச்சையம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அவன் போய்விட்டதைச் சொன்னேன். "அவன் எப்டி இருப்பான், சொல்லு" என்றார். ஊருக்கெல்லாம் அளவெடுத்தவனை யாரும் அளவெடுத்ததில்லை. அவன் சட்டையை அவனேதான் வெட்டிக்கொள்வான்.

கண்ணை மூடிக்கொண்டேன். "வலது தோள் தாழ்வும்மா, கத்தரி புடிச்சிப் புடிச்சி. முதுகு முன்னால வளைஞ்சிருக்கும். கழுத்து நீட்டிக்கினு இருக்கும், சிரிச்சா உள்ள போய்டும். பொய் சொல்ல வந்தா நிக்கத் தெரியாது அவனுக்கு, காலு மாத்தி மாத்தி வெப்பான்" என்றேன். சொல்லச் சொல்ல அவன் வெட்டுப் பலகைக்குப் பின்னால் வந்து நின்றான். அவனிடமிருந்து எனக்கு மிச்சம் இதுதான். அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு நான் மலைக்குப் போக வேண்டும். இரண்டு பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும்.