விஜய்பாண்டிக்குப் போட்ட இலை

“படைச்ச சோத்துல ஒத்தப் பருக்கை இனிமே இந்தத் தொண்டைக்குள்ள இறங்காது. இறங்குச்சுன்னா எம் பேரு சுடலைமணி இல்ல!”

தென்காசிச் சிற்றாற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு சுடலைமணி இப்படி முழங்கினார். கரையில் நின்ற இருபத்திரண்டு விசுவாசிகளும் கைதட்டினார்கள். ஒரு சின்னச் சங்கடம் மட்டும் யாருக்கும் உறைக்கவில்லை. ஐந்து நிமிடம் முன்புதான் பாஸ்டர் அவரைத் தண்ணீரில் முக்கி எடுத்துச் சாமுவேல் என்று பெயர் சூட்டியிருந்தார். ஆகவே சபதத்துக்குப் பிணையாக அவர் வைத்த பெயர் அந்த நேரத்தில் அவரிடம் இல்லை. ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. ரேஷன் கார்டோ பெண்டாட்டியிடம் இருந்தது.

குற்றாலம் மெயினருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவது அவருடைய தொழில். ஞானஸ்நானத்துக்குப் பிறகு அந்தத் தொழிலில் ஒரு மறைந்திருந்த வசதியைக் கண்டுபிடித்தார். கல்லில் குப்புறப் படுத்து முதுகைக் கொடுத்துவிட்ட மனிதன் எழுந்து ஓட முடியாது. இப்படிப்பட்ட சபை உலகத்தில் வேறு எந்த ஊழியக்காரருக்கும் வாய்த்ததில்லை. மதுரையிலிருந்து வந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், இடுப்பில் பிடி விழுந்த வேதனையில், “ஏத்துக்கிறேன்யா, எல்லாத்தையும் ஏத்துக்கிறேன், கையை எடு” என்று அலறியதை, ஒரு ஆத்துமா மீட்கப்பட்டதாகவே அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சாட்சி சொன்னார்.

பக்கத்துக் கல்லில் எண்ணெய் தேய்க்கும் அய்யாக்குட்டிக்கு இது பிடிக்கவில்லை. “ஏலே, அந்தக் காலத்துச் சுடலைமணி குடிச்சுட்டு எண்ணெயைச் சிந்துவான். இவன் குடிக்காம வேதத்தைச் சிந்துதான். எண்ணெயாச்சும் துடைச்சாப் போயிரும்” என்று வாடிக்கையாளர்களை எச்சரித்துத் தன் கல்லுக்கு இழுத்துக்கொள்வான்.

எதிரிகள் அருவிக்கரையில் மட்டும் இருந்திருந்தால் சுடலைமணி சமாளித்திருப்பார். தலைமையகம் வீட்டிலேயே இருந்தது.

அவருடைய மகன் விஜய்பாண்டி பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் டெம்போ ஓட்டினான். இருபத்து மூன்று வயது. ஒரு டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, புளியரை வளைவில், மழையில், வண்டி கவிழ்ந்து செத்துப்போனான். உடம்பு வீட்டுக்கு வந்தபோது சுடலைமணிக்குக் குடியில் நிதானம் இல்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள, பிள்ளைக்கு அப்பன் கொள்ளி வைத்தார். சுடுகாட்டில் கூடியிருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். பார்த்ததோடு விடாமல் மூக்கம்மாளிடம் வந்து சொல்லவும் செய்தார்கள். மூக்கம்மாள் அவருடைய மனைவி.

அதன் பிறகு ஆறு மாதம் அவர் நிதானத்தில் இருந்த நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அருவிக்கரையில் ரம்புட்டான் பழம் விற்கும் ஞானபாக்கியம்தான் அவரை மீட்டது. அந்த அம்மாள் பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை. தினமும் சாயங்காலம் மதுக்கடைக்குப் போகும் சந்து முனையில் பழக்கூடையோடு உட்கார்ந்துகொண்டார். சுடலைமணி வந்தால், “பிரதர், வாங்க, ஜெபத்துக்கு நேரமாச்சு” என்று கூடையைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிடுவார். இருபது கிலோ பழத்தைச் சுமந்துகொண்டு குடிக்கப் போக முடியாது. ஒரு மாதம் சுமந்தார். குடி நின்றது. செத்த பிள்ளையிடம் கேட்க முடியாத மன்னிப்பை வேறொருவரிடம் கேட்கலாம் என்றும், அவர் கொடுப்பார் என்றும் ஜெபக்கூட்டத்தில் சொன்னார்கள். கேட்டார். கிடைத்துவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

மூக்கம்மாளுக்கு அப்படித் தோன்றவில்லை.

“எம்புள்ள செத்த அன்னைக்குப் போதை. இப்போ அல்லேலூயா. நீரு எப்பத்தான்யா அவனுக்கு அப்பனா இருந்தீரு?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

அவர் பதில் சொல்லியிருக்கலாம், அழுதிருக்கலாம், சும்மா இருந்திருக்கலாம். சுடலைமணி பாட்டுப் பாடினார். சபையில் புதிதாகக் கற்றுக்கொடுத்திருந்த பாட்டு. இரண்டாவது சரணத்தில் சொம்பு வந்து விழுந்தது.

முதல் வருடத் திதியில் போர் முறைப்படி அறிவிக்கப்பட்டது. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து, படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைப்பார்கள். பிறகு உறவுக்கார ஆண் ஒருவர் அந்த இலையில் உட்கார்ந்து, ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழ வேண்டும். அவர் வயிறு நிறைந்தால் செத்தவரின் வயிறு நிறைந்தது என்று அர்த்தம். இலை அப்படியே கிடந்தால் செத்தவர் பட்டினியாகத் திரும்பிப் போகிறார். மூக்கம்மாள் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, பரோட்டா, இரண்டு அவித்த முட்டை எல்லாம் வைத்துவிட்டு, புருஷனைப் பார்த்தாள். புருஷன் விக்கிரக ஆராதனையைப் பற்றிக் கால்மணி நேரம் விளக்கினார். இலை சாயங்காலம் வரை கிடந்தது. பிறகு அவளே அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிற்றாற்றில் விட்டாள். வரும்போது வாயையும் மூடிக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து ஒரு வருடமாகப் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளவில்லை. தென்காசியில் நர்சிங் படிக்கும் மகள் ஜெயபிரியா இருதரப்புத் தூதராக நியமிக்கப்பட்டாள். மூன்று பேரும் ஒரே அறையில் இருப்பார்கள்.

“அம்மா, அப்பா தண்ணி கேக்காரு.”

“ஆத்துல கெடக்குன்னு சொல்லு. அங்கனதான முங்கி எந்திச்சாரு.”

“அப்பா, ஆத்துல கெடக்காம்.”

“காதுல விழுந்துச்சு. அவளுக்காக ஜெபம் பண்ணுதேன்னு சொல்லு.”

“அம்மா, ஒனக்காக ஜெபம்...”

“பண்ணட்டும். பண்ணிட்டு முட்டு வலிக்கும், அப்போ எவன் எண்ணெய் தேய்ப்பாம்னு கேளு.”

“ரெண்டு பேரும் என்னைய விடுதியளா? நாளைக்கு எனக்குப் பரீட்சை” என்று ஜெயபிரியா புத்தகத்தால் தலையில் அடித்துக்கொள்வாள்.

இரண்டாம் வருடத் திதி நெருங்கியபோது மூக்கம்மாளின் அண்ணன் சுந்தரபாண்டி சிவகிரியிலிருந்து போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் தெரு முழுக்கக் கேட்டது. “அந்த அல்லேலூயாவை நம்பாதட்டி. தாய்மாமன் நான் இருக்கேன். இலையில நான் உக்காருதேன். கையோட ஒன்னைய இங்கன கூட்டியாந்துருதேன். பிள்ளைக்குச் சோறு போடாதவன் வீட்டுல ஒனக்கு என்னட்டி வேலை?”

மூக்கம்மாள் சரி என்றாள். சேலைகளை எடுத்து ஒரு கட்டைப்பையில் மடித்து வைக்கத் தொடங்கினாள். பையின் மேலே விஜய்பாண்டியின் டிரைவிங் லைசென்ஸ். அவள் ஒருதரம் போனால் திரும்பி வருகிறவள் இல்லை என்பது இருபத்தேழு வருடம் குடித்தனம் நடத்திய சுடலைமணிக்குத் தெரியும்.

ஞானபாக்கியத்திடம் போய் நின்றார்.

“சிஸ்டர், அவ போயிருவா போலிருக்கு.”

“போகட்டும் பிரதர். படைச்சதைத் தொட்டீங்க, விட்டு ஓடின குடிப்பேய் கூட்டத்தோட திரும்பி வரும். அந்தச் சந்து முனையில இன்னொரு தரம் என்னால உக்கார முடியாது. எனக்கு மூலம்.”

சுடலைமணி பயந்துபோனார். பேய்க்கு அல்ல. அந்தச் சந்துக்கு.

திதி கார்த்திகை ஐந்தாம் தேதி வந்தது. சோறு வெந்து, குழம்பு கொதித்து, பரோட்டா வந்து, பகல் பன்னிரண்டு மணிக்கு இலையும் போட்டாயிற்று. சுடலைமணி வாசலில் துணி துவைக்கும் கல்லில் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கம் புரளவில்லை. அப்போது ஆட்டோவிலிருந்து சுந்தரபாண்டி இறங்கினார். காலில் செருப்பு இல்லை. இடுப்பில் கறுப்பு வேட்டி. கழுத்தில் துளசிமணி மாலை.

நான்கு நாள் முன்பு, கார்த்திகை முதல் தேதி, சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். பதினெட்டாவது வருடம். இந்தத் தடவை போய்வந்தால் குருசாமி.

மூக்கம்மாள் வாசல்படியில் நின்று மேலும் கீழும் பார்த்தாள். “என்னண்ணே இது?”

“சாமி சரணம், மாளிகைப்புரம்” என்றார் அண்ணன். மாலை போட்டவர் ஆண்களைச் சாமி என்றும், பெண்களை, கூடப்பிறந்தவளே ஆனாலும், மாளிகைப்புரம் என்றும்தான் கூப்பிட வேண்டும். கோபப்படவும் கூடாது. “டிசம்பர் பன்னிரண்டுதான பிள்ளைக்கு நாளு? அதுக்குள்ள மலைக்குப் போய்ட்டு வந்து மாலையைக் கழத்திரலாம்னு இருந்தேன். திடீர்னு நேத்துப் போன் பண்ணி இன்னைக்குன்னு சொல்லுதே, மாளிகைப்புரம்!”

“தெவசத்துக்கு எவண்ணே இங்கிலீஷ் தேதி பார்ப்பான்? திதி பார்க்கணும்னு தெரியாதா?”

“மறந்துட்டேன் மாளிகைப்புரம். இப்போ என்ன, கோழியை எடுத்துட்டு ஒரு கரண்டி சாம்பாரை ஊத்து. ஐயப்பா, நான் உக்காருதேன்.”

“எம்புள்ள எந்தக் காலத்துலண்ணே சாம்பார் தின்னான்? உயிரோட இருக்கும்போது தின்னாததைச் செத்த பொறவு ஊத்தவா?”

“நான் கறி தின்னா பதினெட்டு வருஷ விரதம் போயிரும், மாளிகைப்புரம்!”

“அப்போ எதுக்கு இங்கன வந்தே? மணி ஆட்டிட்டுப் போகவா?”

கோபப்படக் கூடாத சுந்தரபாண்டி ஆள் தேடினார். துவைக்கிற கல்லில் ஒருவர் தயாராக உட்கார்ந்திருந்தார். “எல்லாம் இந்தச் சாமியால வந்த வினை! ஏ சாமி, பெத்த பிள்ளைக்கு ஒரு வாய் சோறு திங்க வக்கில்லாத சாமி! நீயெல்லாம் ஒரு மனுஷனா சாமி?”

எந்தச் சாமியும் வேண்டாம் என்று ஆற்றில் முங்கி எழுந்த மனிதரை ஒருவர் ஒரே மூச்சில் நான்கு முறை சாமி என்று அழைத்தது குற்றால வட்டாரத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும். 

“விடு மாளிகைப்புரம். இலையைக் கொண்டுபோய் ஆத்துல விடு. பையை எடு. ரெண்டு மணிக்குச் சிவகிரி பஸ்.”

மூக்கம்மாள் உள்ளே போனாள். இலையைத் தூக்கக் குனிந்தாள். தூக்கவில்லை. குனிந்தது குனிந்தபடியே, படத்தைப் பார்த்து, யாருக்கும் கேட்காதபடி என்று நினைத்துக்கொண்டு சொன்னாள். “இந்த வருஷமும் பட்டினிதான்லே ராசா.”

வாசலில் வேதாகமம் மூடிய சத்தம் கேட்டது.

சுடலைமணி வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார். முழங்கை வரை கழுவினார். எண்ணெய் தேய்க்கிறவர் கை, சீக்கிரம் சுத்தம் ஆகாது. சுந்தரபாண்டியைத் தாண்டி உள்ளே வந்தார். பெண்டாட்டி நகரும்வரை நின்றார். நகர்ந்ததும் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண்ணை மூடினார். சுவரோரம் நின்ற ஜெயபிரியா, அப்பா பாடப் போகிறார் என்றே நினைத்தாள்.

பாடவில்லை. கண்ணைத் திறந்து, பரோட்டாவைப் பிய்த்தார். குழம்பில் அமுக்கினார். முதல் வாய் போக நேரம் ஆயிற்று. கை வாய்க்கும் இலைக்கும் நடுவில் இரண்டு தடவை நின்றது. போன பிறகு அடுத்த வாய் எளிதாகவே போனது.

“சாமி...” என்றார் சுந்தரபாண்டி வாசலிலிருந்து. 

ஒரு பரோட்டா முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. முட்டை இரண்டும். கோழித்துண்டை எலும்பு வெள்ளையாகத் தெரியும்வரை கடித்தார். பிறகு சோற்றில் கை வைத்தார். மீசையில் குழம்பும், கண்ணில் வேறொன்றும் வழிந்தன. எதையும் துடைக்கவில்லை. கை எச்சில்.

மூக்கம்மாள் சட்டியோடு பக்கத்தில் நின்றாள். தூதரைப் பார்த்தாள். ஜெயபிரியா பிடிவாதமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு வழியில்லை.

“என்ன பார்க்கீரு? நல்லா இருக்கான்னு ஒம்மகிட்ட யாரும் கேக்கலை. குழம்பு வேணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லும்.”

சுடலைமணிக்கு வாய் நிறையச் சோறு. இடது கையால் இலையைக் காட்டினார்.